டிஸ்ட்ரோவில் மாற்ற முடியாதவை

லினக்ஸுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த டிஸ்ட்ரோ போடலாம்?" லினக்ஸையும் அதற்கு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்புதான் டிஸ்ட்ரோ. பதில் தேடிப் போனால் கண்ணில் படுவதெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டுகள்தான். ஒன்றில் டாக் கீழே இருக்கிறது, இன்னொன்றில் மெனு விண்டோஸ் மாதிரியே இருக்கிறது, வேறொன்றில் கருப்புப் பின்னணியில் டெர்மினல்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்தே பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் படத்தில் தெரியும் எதுவும் அந்த டிஸ்ட்ரோவுக்கு மட்டும் சொந்தமானதில்லை. தீம், ஐகான், பேனல், எழுத்துரு, ஏன் டெஸ்க்டாப் சூழலையே கூட, பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம்.

மாற்ற முடியாதவை வேறு. மென்பொருள்கள் எந்த வேகத்தில் புதுப்பிக்கப்படுகின்றன, அவற்றைத் தொகுத்துத் தருபவர்கள் யார், எந்த பேக்கேஜ் அமைப்பின் (மென்பொருள்களைப் பொதிகளாக இறக்கி நிறுவும் முறை) வழியாக அவை வந்து சேர்கின்றன. இந்த மூன்றும் பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறொன்றை நிறுவ வேண்டியதுதான். ஆகவே தேர்வு இந்த மூன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அறிவித்தது ஒரு கெர்னலைத்தான், அதாவது வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைக்கும் மையப்பகுதியை. கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஒரு கடிதம்கூட எழுத முடியாது. நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி நூலகம், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல், கோப்புகளைக் கையாளும் கருவிகள், திரைக்கான மென்பொருள்கள் என்று எத்தனையோ சேர வேண்டும். சேர்வது மட்டுமல்ல, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பதிப்புகளாகவும் இருக்க வேண்டும். அந்த வேலையை நமக்காகச் செய்து தருவதுதான் டிஸ்ட்ரோ. 1993-ல் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார், அதே ஆண்டு இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. அப்புறம் வந்தவை ஏராளம். ஆல்பைன் மாதிரி வேறு சி நூலகத்தையும், வாய்ட் மாதிரி, கணினியைத் துவக்கிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இல்லாத துவக்க முறையையும் பயன்படுத்தும் சிலவற்றை விட்டுவிட்டால், பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது அதே கெர்னல், அதே குனூ கருவிகள், அதே சிஸ்டம்டி. எந்தப் பதிப்பை, எப்போது, யார் சோதித்த பிறகு உங்களிடம் தருகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

முதலில் வேகம். டெபியனின் நிலைப் பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. வெளிவந்த பிறகு அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். "டெபியன் பழையது" என்று சொல்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அங்கே நடப்பது என்னவென்றால், ஒரு மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், டெபியனின் பராமரிப்பாளர்கள் புதிய பதிப்பிலிருந்து அந்தத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்பில் பொருத்தித் தருகிறார்கள். எண் பழையதாகத் தெரியும், ஓட்டை அடைபட்டிருக்கும். உங்கள் வேலையின் நடுவே ஒரு மெனு இடம் மாறாது, ஓர் அமைப்புக் கோப்பின் இலக்கணம் மாறாது. இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு வெளியே தெரிவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 60,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே இப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மறுமுனையில் ஆர்ச், ஓபன்சூசே டம்பிள்வீட் போன்றவை இருக்கின்றன. இவற்றை ரோலிங் டிஸ்ட்ரோ என்பார்கள்; இவற்றில் 'பதிப்பு' என்று ஒன்று கிடையாது. மூல நிரலாளர்கள் புதிதாக வெளியிட்டது சில நாட்களிலேயே உங்கள் கணினிக்கு வந்துவிடும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 13 மாதம் ஆதரவு.

இந்த வேக வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை 2024 மார்ச் மாதத்தில் எல்லோரும் பார்த்தோம். எக்ஸ்இசட் என்ற சுருக்கு நூலகம் கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருப்பது. அதன் பராமரிப்பில் பொறுமையாக இடம்பிடித்த ஒருவர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளுக்குள் ஒரு பின்கதவை ஒளித்து வைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழியாக வெளியாள் உள்ளே வருவதற்கான வழி அது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் இணைப்புக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பதிப்புகள் அப்போதே டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும், ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளைக்கும், டம்பிள்வீடுக்கும், ஆர்ச்சுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆர்ச்சில் எஸ்எஸ்எச் அந்த நூலகத்தோடு இணைக்கப்படாததால் பின்கதவு வேலை செய்ய வழியில்லாமல் போனது. டெபியனின் நிலைப் பதிப்புக்கு அது வரவே இல்லை. யாரோ புத்திசாலித்தனமாகத் தடுத்ததால் அல்ல, மெதுவாகப் போவதுதான் அதன் இயல்பு என்பதால்.

இதை வைத்து வேகமான டிஸ்ட்ரோக்கள் ஆபத்தானவை என்று நான் சொல்ல வரவில்லை. புதிதாகச் சந்தைக்கு வந்த லேப்டாப்பில் பழைய கெர்னலைப் போட்டால் வைஃபை சில்லே அடையாளம் தெரியாமல் போகலாம். புது கிராபிக்ஸ் அட்டைக்குப் புதிய கெர்னலும் புதிய மெசாவும் (கிராபிக்ஸ் நூலகம்) வேண்டும். அப்படிப்பட்ட கணினிக்கு ஃபெடோராதான் என் முதல் பரிந்துரை. ரோலிங் டிஸ்ட்ரோதான் வேண்டும் என்றால் டம்பிள்வீடைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு தொகுப்பும் ஓபன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. மேலும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்பு பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை ஒரு நிலைப்பிரதியை எடுத்து வைக்கிறது. காலையில் அப்டேட் செய்து திரை வரவில்லை என்றால், துவக்க மெனுவில் முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடரலாம். ஆர்ச்சைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதனுடன் ஒரு பழக்கத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்: அப்டேட் செய்யும் முன் அதன் அறிவிப்புப் பக்கத்தைப் படிப்பது. ஆர்ச்சில் ஒன்றிரண்டு பேக்கேஜ்களை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை விட்டுவைப்பதற்கு ஆதரவு கிடையாது. புதுப்பித்தால் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவருக்கு ஆர்ச் பொருந்தாது. ஆர்ச் விக்கி மட்டும் எந்த டிஸ்ட்ரோ வைத்திருப்பவருக்கும் பொருந்தும். லினக்ஸைப் பற்றி இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட இன்னொரு தொகுப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்தது மனிதர்கள். இதைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. 2020 டிசம்பரில், ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் இருந்த சர்வர் டிஸ்ட்ரோவான சென்ட்ஓஎஸ் பற்றி வந்த அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பி சர்வர்களில் சென்ட்ஓஎஸ் 8 நிறுவியவர்களுக்கு, அது 2021 இறுதியோடு நின்றுவிடும் என்று சொல்லப்பட்டது. நிரலில் ஒரு குறையும் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். ராக்கி, ஆல்மா என்ற இரண்டு டிஸ்ட்ரோக்கள் அதன் இடத்தை நிரப்பப் பிறந்தன. கட்டற்ற மென்பொருளாக இருந்ததால் அது முடிந்தது. ஆனாலும் அந்த ஓராண்டில் எத்தனையோ நிர்வாகிகள் ராத்திரி பகலாக மாற்று வழி தேட வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு டிஸ்ட்ரோவின் பெயர் பிடித்திருந்தால், நிறுவுவதற்கு முன் அதன் பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள். ஒரே ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் நடத்துவதா? பாதுகாப்பு அறிவிப்புகள் என்று ஒரு பக்கம் உண்டா, அதில் கடைசிப் பதிவு எப்போது? வேறொரு டிஸ்ட்ரோவின் மேல் கட்டப்பட்டது என்றால், தாய் டிஸ்ட்ரோ எடுக்கும் முடிவுகள் இதற்குள் எப்படி வருகின்றன? லினக்ஸ் மின்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது உபுண்டுவின் மேல் நிற்கிறது. ஆனால் உபுண்டு ஸ்னாப் என்ற தன் சொந்த வடிவப் பேக்கேஜ்களை முன்னிறுத்தியபோது, மின்ட் 2020-ல் வந்த தன் 20-ஆம் பதிப்பில் ஸ்னாப் தானாக நிறுவப்படுவதைத் தடுத்தது. உபுண்டுவையே விட்டு விலக வேண்டி வந்தாலும் சமாளிக்க டெபியன் மேல் நேரடியாகக் கட்டிய இன்னொரு பதிப்பையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். தாயை நம்பியே இருந்தாலும் தனக்கென்று ஒரு முடிவும் ஒரு மாற்றுத் திட்டமும் வைத்திருக்கும் குழு இது. புதிதாக வருபவர்களுக்கு மின்ட்டை நான் தயங்காமல் சொல்வதற்கு இதுதான் காரணம். அதன் மெனு விண்டோஸை ஒத்திருப்பது கூடுதல் வசதி, அவ்வளவே.

உபுண்டுவிலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாண்டு ஆதரவு என்பது 'மெயின்' என்ற களஞ்சியத்தில் இருப்பவற்றுக்கு. 'யூனிவர்ஸ்' களஞ்சியத்தில் இருக்கும் மிகப் பெரும்பகுதிக்கு முழுமையான பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமென்றால் உபுண்டு புரோவில் பதிவு செய்ய வேண்டும். தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம்தான், ஆனால் பதிவு செய்தால்தான் கிடைக்கும்.

பேக்கேஜ் அமைப்பைப் பற்றி முன்பு இருந்த சண்டைகள் இப்போது அவ்வளவு பொருளுடையவை அல்ல. டெபியன், உபுண்டுவின் ஏபிடி, ஃபெடோராவின் டிஎன்எஃப், ஆர்ச்சின் பேக்மேன் மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. இவற்றைவிட, எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் தனிப் பொதிகளாக மென்பொருளைத் தரும் ஃபிளாட்பேக் கொண்டுவந்த மாற்றம் பெரியது. அடித்தளம் மெதுவாகவும், மேலே ஓடும் ஒருசில மென்பொருள்கள் மட்டும் வேகமாகவும் இருக்கலாம் என்ற வசதி முன்பு எளிதில் கிடைக்கவில்லை. நான் வேலை செய்யும் கணினியில் டெபியன் நிலைப் பதிப்பு. பட எடிட்டரும் வீடியோ மென்பொருளும் ஃபிளாட்பேக்கிலிருந்து. முதல் மென்பொருளை நிறுவும்போது அடிப்படை ரன்டைம் என்று சில நூறு மெகாபைட் இறங்கும். அடுத்தடுத்தவை அதைப் பகிர்ந்துகொள்ளும். நிறுவியதும் அந்த மென்பொருளுக்கு உங்கள் ஹோம் அடைவு முழுவதையும் படிக்கும் அனுமதி இருக்கிறதா என்று ஃபிளாட்சீல் கருவியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தனிமைப்படுத்தப்பட்டது என்று சொல்லிக்கொண்டே எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு.

சரி, டெஸ்க்டாப்புக்கு வருவோம். க்னோமை அதன் போக்கிலேயே ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் க்னோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வரும். அதோடு சேர்க்கும் கூடுதல் வசதிகளான எக்ஸ்டென்ஷன்கள் எந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்று தங்கள் கோப்பிலேயே குறித்து வைத்திருக்கும், எண் மாறினால் நின்றுவிடும். 2023 செப்டம்பரில் வந்த 45-ஆம் பதிப்பில் உள் அமைப்பே மாறியதால், எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அவற்றின் ஆசிரியர்கள் திருத்தி எழுத வேண்டியிருந்தது. டாக் வேண்டும், மேலே மெனு வேண்டும், ட்ரே ஐகான் வேண்டும் என்று எக்ஸ்டென்ஷன்களாக அடுக்கிக்கொண்டே போகிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை கேடிஈ பிளாஸ்மா. அதில் இவையெல்லாம் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கின்றன. 2011-ல் க்னோம் 3 வந்தபோது பழைய வடிவம் வேண்டும் என்றவர்கள் மேட் என்ற டெஸ்க்டாப்பையும், புதிய அடித்தளத்தில் பழைய பழக்கம் வேண்டும் என்றவர்கள் சினமனையும் உருவாக்கினார்கள். இரண்டும் இன்றைக்கும் நிதானமாக, பெரிதாக எதையும் உடைக்காமல் வளர்கின்றன.

எனக்குப் பிடித்தது ஐ3 என்ற ஜன்னல் மேலாளர், இப்போது அதன் வேலண்ட் வடிவமான ஸ்வே. எக்ஸ்11 என்ற பழைய திரை முறைக்குப் பதிலாக வந்ததுதான் வேலண்ட். ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் திரையைத் தாமாகவே பங்கிட்டுக்கொள்ளும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், என் விருப்பங்கள் எல்லாம் ஒரே ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. ஐ3-க்கு எழுதிய கோப்பு சில வரிகள் மாற்றத்தோடு ஸ்வேயில் அப்படியே ஓடுகிறது. வேலண்டுக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியது விசைப்பலகை. எக்ஸ்11 காலத்தில் விசைகளை மாற்றப் பயன்படுத்திய எக்ஸ்மாட்மேப் போன்றவை வேலண்டில் எடுபடாது. கீடி என்ற சிறிய கருவி கெர்னலின் உள்ளீட்டு நிலையிலேயே விசைகளை மாற்றுவதால், எக்ஸ்11, வேலண்ட், வெறும் கன்சோல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. தமிழில் எழுதுபவர்கள் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டுக் கருவிகள் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம். எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 உட்படப் பல விசைமுறைகள் சேர்ந்தே வரும்.

இனி நான் மிகவும் அக்கறைப்படும் பகுதி. நம் கணினியை நாமே வடிவமைத்துக்கொள்ளும் சுதந்திரம் லினக்ஸில் முழுதாகக் கிடைக்கிறது. ஆனால் எங்கோ ஒரு டிக் குறி, எங்கோ ஒட்டிய ஒரு கட்டளை என்று செய்த மாற்றங்கள் நினைவில் நிற்பதில்லை. வட்டு பழுதானாலோ புதுக் கணினி வாங்கினாலோ எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே எழுத்தில் வைக்க முடிந்த மாற்றத்தை எழுத்தில் வைப்பது, எழுத்தில் வைக்க முடியாத மாற்றத்தை முடிந்தவரை தவிர்ப்பது. இந்த ஒரு விதி கருவிகளைத் தேர்ந்தெடுப்பதையும் எளிதாக்கிவிடுகிறது.

ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் அமைப்புக் கோப்புகளை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் போட்டு, குனூ ஸ்டோ என்ற கருவியால் அவற்றுக்கு உரிய இடங்களில் இணைப்புகளை உருவாக்கிக்கொள்வது எளிய வழி. கான்ஃபிக் அடைவை அப்படியே மொத்தமாகத் தூக்கிப் போடாதீர்கள். அதில் பிரவுசர் குக்கிகளும் கடவுச் சாவிகளும் கலந்திருக்கும். நீங்கள் கையால் எழுதியவற்றை மட்டும் சேருங்கள். க்னோமின் அமைப்புகள் ஒரு தரவுத்தளத்தில் இருப்பதால், டிகான்ஃப் கருவியின் டம்ப் கட்டளையால் அவற்றை எழுத்தாக எடுத்து வைக்கலாம். கேடிஈயில் இது கொஞ்சம் கடினம். நீங்கள் தேர்ந்தெடுத்ததும், ஜன்னலின் அகலம் மாதிரி அது தானாகக் குறித்துக்கொண்டதும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும்.

சிஸ்டம் அளவிலான மாற்றங்களில் நான் வலியுறுத்துவது, ஈடிசி (/etc) அடைவில் டிஸ்ட்ரோ தந்த கோப்பைத் திருத்தாமல், பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு சிறிய கோப்பை வைப்பது. டிஸ்ட்ரோவின் கோப்பைத் திருத்திவிட்டால், அடுத்த அப்டேட்டில் டெபியன் "உங்களுடையதை வைக்கவா, புதியதைப் போடவா?" என்று கேட்கும். ஃபெடோரா பொதுவாக ஆர்பிஎம்நியூ என்றும், ஆர்ச் பேக்நியூ என்றும் புதிய கோப்பை ஓரமாக வைத்துவிட்டுப் போகும், நாம்தான் ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். இதற்காகவே பல மென்பொருள்கள் '.டி' என்று முடியும் அடைவுகளை வைத்திருக்கின்றன. கெர்னல் அளவுருக்களுக்கு சிஸ்கன்ட்ரோல்.டி (sysctl.d), ஏபிடி மூலங்களுக்கு சோர்சஸ்.லிஸ்ட்.டி (sources.list.d). சிஸ்டம்டி சேவை ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் சிஸ்டம்கன்ட்ரோல் எடிட் (systemctl edit) என்று கொடுத்தால், மாறும் வரிகள் மட்டும் அடங்கிய ஓவர்ரைடு கோப்பு ஒன்று தானே உருவாகும். இப்படிச் செய்தால் உங்கள் மாற்றங்கள் எவை என்று தேட வேண்டியதில்லை. உங்கள் பெயரில் இருக்கும் கோப்புகளே அந்தப் பட்டியல்.

நிறுவிய மென்பொருள்களின் பட்டியலையும் அதே களஞ்சியத்தில் வையுங்கள். டெபியன் குடும்பத்தில் ஏபிடி-மார்க் ஷோமேனுவல் (apt-mark showmanual) என்ற கட்டளை, நீங்கள் கேட்டு நிறுவியவற்றைச் சார்புகளாக வந்தவற்றிலிருந்து பிரித்துக் காட்டும். நான் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எதற்கு என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். காரணம் எழுத வராத மென்பொருளை நீக்கிவிடுகிறேன்.

இந்த எண்ணத்தைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனது நிக்ஸ்ஓஎஸ். எல்கோ டோல்ஸ்ட்ராவின் ஆய்விலிருந்து பிறந்த நிக்ஸ் பேக்கேஜ் முறைதான் அதன் அடித்தளம். சேவைகள், பயனர்கள், மென்பொருள்கள் என்று கணினி முழுவதையும் ஓர் அமைப்புக் கோப்பில் விவரித்துவிட்டால், அது அப்படியே கட்டித் தரும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு தலைமுறையாகச் சேமிக்கப்படும், பிடிக்கவில்லை என்றால் முந்தையதற்குத் திரும்பலாம். இந்த முறை சரியானது என்று மனதார நம்புகிறேன். ஆனால் வழக்கமான இடங்களில் நூலகங்கள் இல்லாததால், இணையத்திலிருந்து இறக்கிய ஒரு சாதாரண நிரல்கூட அங்கே அப்படியே ஓடாது, அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். அதன் மொழியையும் கற்க வேண்டும். பல கணினிகளை ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டியவருக்கு அந்த உழைப்பு தகும். ஒரே லேப்டாப் வைத்திருப்பவருக்கு கிட்டும் ஸ்டோவும் போதும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. கோப்புகளுக்குள் தேட ரிப்கிரெப், பெயர்களைத் தேட எஃப்டி, பட்டியலிலிருந்து பொறுக்கி எடுக்க எஃப்இசட்எஃப், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காமலிருக்க டிமக்ஸ். ரிப்கிரெப் மறைவான கோப்புகளையும் கிட் ஒதுக்கியவற்றையும் தாண்டிப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய தேடல் கருவியான கிரெப்பின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டால், இருக்கும் ஒன்றை இல்லை என்று நம்பிவிடுவீர்கள். பெயர் மோதலால் டெபியனில் எஃப்டியின் பெயர் எஃப்டிஃபைண்ட். ஃபிஷ் ஷெல் தட்டச்சுக்கு இனிமையானது, ஆனால் அதன் இலக்கணம் வேறு. ஸ்கிரிப்டுகளை மட்டும் சாதாரண ஷெல்லிலேயே எழுதுங்கள். எந்த எடிட்டரை விரும்பினாலும் வி (vi) எடிட்டரின் அடிப்படைக் கட்டளைகளைக் கற்றுவையுங்கள். 1976-ல் பில் ஜாய் எழுதத் தொடங்கியது, இன்றும் முன்பின் தெரியாத சர்வரில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் யுஎஸ்பியிலிருந்தே இயக்கிப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினில் எல்லாமே நன்றாக ஓடும், ஏனென்றால் அங்கே உங்கள் வன்பொருள் இல்லை. வைஃபை, ஒலி, ப்ளூடூத், வெளித்திரை, முக்கியமாக மூடியை மூடித் திறந்தால் லேப்டாப் எழுகிறதா என்று நேரடியாகச் சோதிக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின் பயன்படும் இடம் வேறு. அதில் உங்கள் டிஸ்ட்ரோவைப் புதிதாக நிறுவி, கிட் களஞ்சியத்தை இறக்கி, பேக்கேஜ் பட்டியலை ஓடவிட்டு, ஸ்டோவை இயக்குங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் அதிலேயே உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். ஒரு குறுக்குவிசை வேலை செய்யாது, ஓர் எழுத்துரு இருக்காது, ஒரு சேவை தொடங்கியிருக்காது. ஒவ்வொன்றும் இன்னும் எழுத்தில் ஏறாத ஒரு மாற்றம். அதைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு மெஷினை அழித்து மறுபடி நிறுவுங்கள்.